புள்ளி விழாத ஊர்

அந்த மேடத்தைப் பற்றிச் சொல்வதென்றால் என் காரின் ஏசியிலிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் நாள் காலை ஏறி உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஏசிக் காற்று வரும் நான்கு வாய்களையும் தன் கையாலேயே திருப்பியதுதான். என் முகத்துக்கு வந்துகொண்டிருந்த காற்று போயிற்று. சரி, தனக்குத் திருப்பிக்கொள்கிறார் என்று பார்த்தால் அவர் பக்கமும் வரவில்லை. முன்பலகையில் கம்பி அடித்து வரிசையாக மாட்டியிருந்த ஐந்து செல்போன்களின் மேல்தான் அத்தனை காற்றும் அடித்தது. சித்திரை மாத வெயில். திண்டுக்கல்லில் கிளம்பி செம்பட்டி போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு வாயை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளட்டுமா என்று பணிவாகத்தான் கேட்டேன்.

“உங்களுக்கு வேர்த்தா தொடைச்சுக்கிடலாம்ண்ணே. போன் சூடானா அளவு தப்பிரும்,” என்றார்.

சொல்லிவிட்டுப் பையைத் திறந்து ஒரு புதுத் துண்டை எடுத்து நீட்டினார். எனக்கென்றே வாங்கிவந்திருக்கிறார். எனக்கு வேர்க்கும் என்பது வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. காற்றைத் தருவதா துண்டைத் தருவதா என்று யோசித்து, துண்டுதான் லாபம் என்று முடிவுகட்டி வந்திருக்கிறார். கடுகடுவென்று விழுகிற முதலாளிகளிடம் இருபது வருசம் வண்டி ஓட்டியிருக்கிறேன். சிரித்த முகத்தோடு இப்படி ஒருத்தரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேடத்துக்கு அப்போது முப்பத்துமூன்று முப்பத்துநான்கு வயதிருக்கும். ஒல்லியான உருவம், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய முடி. செல்போன் டவர்களின் சிக்னலைச் சீர்படுத்துவது அவருடைய வேலை. ஆப்டிமைசேஷன் என்பார்கள். அதற்கு என் காரை மாத வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஊர் ஊராக, ரோடு ரோடாக நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்ட வேண்டும். முன்னால் மாட்டியிருக்கும் போன்களில் ஒன்று தானாக எங்கோ அழைக்கும், இரண்டு நிமிசம் கழித்துத் தானாகத் துண்டிக்கும், மறுபடி அழைக்கும். மற்றவை இன்டர்நெட்டிலிருந்து எதையாவது இறக்கிக்கொண்டே இருக்கும். நாங்கள் போகப் போக மேடத்தின் லேப்டாப்பில் இருக்கும் வரைபடத்தில் புள்ளி விழுந்துகொண்டே வரும். சிக்னல் நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. சாயங்காலம் அந்தப் புள்ளிகளை எல்லாம் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, எந்த டவரில் எந்த ஆண்டனாவை எவ்வளவு சாய்க்க வேண்டும், எந்தத் திசைக்குத் திருப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்.

ஒரு நாள் கீரனூர்ப் பக்கம் டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருந்தபோது, அப்படி என்னதான் மேடம் கணக்கு என்று கேட்டுவிட்டேன். அவர் சித்தையன்கோட்டைப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். டவருக்கு இருக்கிற சக்தி ஓர் அளவுதான், கிணற்றுத் தண்ணீர் மாதிரி. நாலு வயல் இருக்கிறது. இரண்டு நல்ல கரிசல், ஒன்று சுமார், ஒன்று பாறை. நாலுக்கும் சமமாகப் பாய்ச்சினால் நாலும் அரைகுறையாக நிற்கும். கரிசலுக்கு நிறையப் பாய்ச்சி, சுமாருக்குக் கொஞ்சம் காட்டி, பாறைக்கு அடைத்துவிட்டால் களத்துக்கு வந்துசேரும் மொத்த விளைச்சல் கூடும். படிப்பிலேயே இதற்குத் தண்ணீர் ஊற்றுகிற கணக்கு என்றுதான் பெயராம்.

“பாறை வயலுக்காரன் என்ன மேடம் பண்ணுவான்?” என்றேன்.

“அவன் கணக்குல வர மாட்டாண்ணே. மொத்தம் கூடுதான்னுதான் பாக்கணும்.”

மொத்தம் கூடணும். இந்த இரண்டு வார்த்தையை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். சாமி கும்பிடுகிறவர்கள் பேச்சுக்குப் பேச்சு சாமி பெயரைச் சொல்வதில்லையா, அப்படி.

இது வேலையோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன். ஒரு தடவை அவர் ஊர்ப் பக்கம் அளக்கப் போனபோது வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். அம்மா காப்பி கொண்டுவந்தார். மேடம் நின்றபடியே குடித்தார். அந்த அம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்து நிமிசம் மட்டும்தான் மகளோடு போனில் பேசக் கிடைக்கும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னது. மற்ற நாளில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாராம். தினமும் பேசினாலும் அம்மா சொல்வது அதே நாலு விசயம்தான் என்று மகள் சொல்லிவிட்டாராம். அவர் அப்பா என்னைத் தென்னந்தோப்புக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். தோப்பின் கடைசி வரிசையில் பதினான்கு மரங்கள் மட்டை உதிர்ந்து மொட்டையாக நின்றன. அது கல் நிறைந்த கல்லாங்குத்து மண், அங்கே போகிற தண்ணீரை நிறுத்தி மற்ற வரிசைக்கு விடுங்கள் என்று மகள் சொல்லியிருக்கிறார். இவரும் நிறுத்திவிட்டார்.

“மொத்தத்துல காய் கூடத்தேன் செஞ்சுச்சு தம்பி. எம் மக சொன்னா தப்பாது,” என்றார் பெரியவர். சொல்லும்போது அந்த மரங்களின் பக்கம் அவர் திரும்பவில்லை. அதெல்லாம் தங்களுக்குக் கல்யாணமான வருசம் அவர் வைத்த மரங்கள் என்று அந்த அம்மாதான் பிறகு சொன்னது.

சேகரண்ணன் கதையையும் சொல்லிவிடுகிறேன். டவரில் ஏறி ஆண்டனாவைத் திருப்புகிற ஆள் அவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், மூட்டுவலி வேறு. மெதுவாகத்தான் ஏறுவார், ஆனால் ஒரு டிகிரி பிசகாமல் திருப்பிவிட்டு வருவார். மேடம் அவர் ஏறுகிற நேரத்தையும் இறங்குகிற நேரத்தையும் மூன்று வாரம் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் வடமதுரைப் பக்கம் வேலை முடிந்து இறங்கிவந்த மனுசனிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அவருக்கு ஒரு கோடு, மற்ற ஆட்களுக்கு ஒரு கோடு. நீங்கள் ஒரு டவர் முடிக்கிற நேரத்தில் மற்றவர் இரண்டு முடிக்கிறார், நாளையிலிருந்து வர வேண்டாம், ஆபீசில் சொல்லிவிட்டேன் என்றார். சேகரண்ணன் பின் சீட்டில் பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்டுக்கல் வரை வந்தார். உயரத்தில் ஏறும்போது இடுப்பில் மாட்டுகிற பெல்ட் அது, பதினெட்டு வருசம் மாட்டிய பெல்ட். பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கியபோது அதையும் எடுத்துக்கொண்டுதான் இறங்கினார்.

மேடம் கண்ணாடியை இறக்கினார். “பெல்ட்ட வச்சிட்டுப் போங்கண்ணே. நாளைக்கு வாரவருக்கு வேணும்,” என்றார்.

அவர் திரும்பி வந்து சீட்டில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி, அந்தப் பொம்பளைக்கு வண்டி ஓட்டாதே, வேறு வாடகை பார் என்றாள். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்றால், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திண்டுக்கல் மாசித் திருவிழாவில், மேடம் வருவதற்கு முந்தைய வருசம் வரை கூட்டத்தில் ஒருத்தருக்கும் போன் போகாது. நாலு எட்டில் நிற்கிற ஆளைக்கூடக் கூப்பிட முடியாது. மேடம் வந்த வருசம் பத்து நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார், சுற்றியிருக்கிற டவரையெல்லாம் திருப்பினார். பூப்பல்லக்கு ஊர்வலம் அன்றைக்கு நெரிசலில் ஒரு பெண்ணின் கையிலிருந்து நழுவிய நாலு வயதுப் பிள்ளையை, யாரோ தூக்கி வைத்துக்கொண்டு, பிள்ளையின் கையில் பேனாவால் எழுதியிருந்த நம்பருக்கு அழைத்தார்கள். முதல் தடவையிலேயே மணி அடித்தது. அந்தத் தாய் விழுந்தடித்து ஓடிவந்ததை நானே பார்த்தேன். மேடம் பார்க்கவில்லை. காருக்குள் லேப்டாப்போடு இருந்தார். “அம்புட்டுப் பேரும் பேசுறாங்கண்ணே, ஒரு கால்கூடக் கட்டாகல,” என்று சொல்லிப் பல் தெரியச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கெட்டிக்காரி. அதில் சந்தேகமே இல்லை. கெட்டிக்காரர்களுக்கு வண்டி ஓட்டுவதில் நமக்கும் ஒரு மிதப்பு இருக்கத்தானே செய்கிறது.

அதற்கப்புறம்தான் அய்யலூர் வேலை வந்தது.

அய்யலூரில் வாரச் சந்தை கூடுகிற நாளில் ஆட்டுக்கு மேல் ஆள் நிற்கும், ஆளுக்கு மேல் ஆடு நிற்கும். பக்கத்திலேயே நாலு வழிச் சாலை. இரண்டு இடத்திலும் சிக்னல் மோசம் என்று புகார்மேல் புகார். அங்கே கரடு என்கிற சின்னக் குன்றின் மேல் நிற்கிற ஒரு டவரின் ஆண்டனாவைத் தாழ்த்திச் சந்தைப் பக்கமும் சாலைப் பக்கமும் திருப்பினால் புள்ளியெல்லாம் பச்சையாகிவிடும் என்று மேடம் கண்டுபிடித்தார். அந்தக் கரட்டுக்குப் பின்னால் மாவடிக்களம் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். மச்சானுக்கு நெஞ்சுவலி உண்டு. முந்தைய வருசம் அவர் விழுந்தபோது, வீட்டுக்குள் தண்ணீர்ப் பானை இருக்கிற மூலையில் மட்டும் எடுக்கிற இரண்டு கோடு சிக்னலை வைத்துத்தான் அக்கா 108க்கு அடித்தாள். ஊர்க்காரர்கள் கட்டிலோடு ரோட்டுக்குத் தூக்கிவந்து சேர்ப்பதற்கும் வண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. பிழைத்தார். அந்த இரண்டு கோடும் இந்த ஆண்டனா சிந்துகிற சிக்னல்தான்.

மேடத்திடம் இதை ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வரைபடத்தைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினார்.

“அங்க புள்ளியே இல்லையேண்ணே.”

எப்படி இருக்கும். அந்த ஊருக்குக் கார் போகாது. ஓடை வரைக்கும்தான் பாதை, அப்புறம் ஒற்றையடி நடை. நாங்கள் காரில் போய் அளப்பவர்கள். கார் போகாத இடத்தில் பச்சையும் விழாது, சிவப்பும் விழாது, படத்தில் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும். சிவப்பாக இருந்தால்கூட மோசமான ஊர் என்று கணக்கில் ஏறும். வெள்ளை என்றால் அங்கே ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சம்பளம் கொடுக்கிற இடம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. கார் போகலேன்னா ஊரே இல்லையா என்று கேட்டேன். சேகரண்ணன் பெல்ட்டைச் சொன்னேன், தென்னை மரத்தைச் சொன்னேன், பெற்ற தாய்க்கு வாரத்தில் பத்து நிமிசம் என்பதையும் சொல்லிவிட்டேன். “ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா மேடம்?” என்றும் கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. நடந்துபோய் அளந்துவிட்டு வருவோம் வாங்க என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை. மனசுக்குள் இவரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூட ஓடியது.

மறுநாள் காலை ஓடையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். கையில் இரண்டு போன். வெயிலில் ஒரு தடவைகூட நிழல் தேடவில்லை அவர். மாவடிக்களத்துக்குள் நுழைந்ததும் வீடுகளை எண்ணினார். எங்கே போனாலும் கூரையை எண்ணுவது அவருக்குப் பழக்கம். “பதினொண்ணு,” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். அக்கா ஆட்டுப்பாலில் டீ போட்டுக் கொடுத்தாள். மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ரெண்டு கோட்ட மட்டும் எடுத்துராத தாயி என்றாள். மேடம் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். போனைப் பிடிக்க அந்தக் கை வேண்டியிருந்தது.

கரட்டுக்கு அந்தப் பக்கம் இன்னோர் ஊர் இருந்தது, வெள்ளப்பாறை. அதற்கும் கார் போகாது. வந்ததோடு அதையும் அளந்துவிடலாம் என்றார். அங்கேயும் எண்ணினார். “முப்பத்தொண்ணு.” ஊர் முகப்பில் ஆடு வைத்திருக்கிற பெருமாள் என்பவர் வீட்டில்தான் உட்கார வைத்தார்கள். அவர் மனைவி கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்தது. மாட்டுக்கொட்டத்துத் தூணில்தான் சிக்னல் கிடைக்கும் என்று அந்தத் தூணில் பிளாஸ்டிக் பை கட்டி அதற்குள் ஒரு பட்டன் போனைப் போட்டுவைத்திருந்தார்கள். அதை எடுத்து முந்தானையில் துடைத்து எங்களிடம் காட்டியது அந்த அம்மா. மகன் திருப்பூரில் இருக்கிறானாம், ராத்திரி ஏழு மணிக்கு அந்தத் தூணிலிருந்துதான் மணி அடிக்குமாம். கிளம்பும்போது என் துண்டை வாங்கி அதில் அவித்த கடலையை அள்ளிப் போட்டு முடிந்து கொடுத்தது. மேடம் எனக்குக் கொடுத்த அதே துண்டு. பெருமாள் ஓடை வரை கூடவே வந்தார்.

“சிக்னல் நல்லா வந்துருமாண்ணே?” என்று கேட்டார்.

“அதுக்குத்தான அளக்க வந்திருக்கோம். சீக்கிரம் வந்துரும்,” என்றேன். ஒரு பேச்சுக்குச் சொல்வோமில்லையா, அப்படிச் சொன்னேன்.

காரில் ஏறியதும் மேடம் லேப்டாப்பைத் திறந்தார். நான் கடலையை உரித்துத் தின்றுகொண்டே ஓட்டினேன். வடமதுரை வருவதற்குள் கணக்கை முடித்துவிட்டார். சந்தைக்கும் சாலைக்கும் எது சரியோ அப்படி வைத்தால் இரண்டு ஊருக்கும் சுத்தமாகப் போய்விடும் என்றார். இரண்டு ஊருக்கும் விட்டுவைத்தால் மொத்தம் இறங்கும், ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஆண்டனாவின் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கரட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஏதாவது ஒரு பக்கத்துக்கு விடலாம்.

“எந்தப் பக்கம்னு நீங்க சொல்லுங்கண்ணே. எனக்குத்தான் ஈரம் இல்லையே, உங்களுக்கு இருக்குல்ல,” என்றார்.

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று என்னை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். யோசிக்கவே இல்லை. வாயில் கடலை இருந்தது. “மாவடிக்களம்,” என்றேன்.

“சரி,” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆண்டனா திரும்பியது. அக்கா வீட்டில் வாசல் வரைக்கும் மூன்று கோடு வந்தது. மச்சான் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் பழைய படம் பார்க்க ஆரம்பித்தார். தம்பி பெரிய இடத்தில் சொல்லிச் சிக்னல் வாங்கிக் கொடுத்தான் என்று அக்கா ஊரெல்லாம் பெருமை பேசினாள். நானும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் போனபின் மனசு அரித்ததால், வெள்ளப்பாறையிலிருந்து புகார் ஏதாவது வந்ததா என்று மேடத்திடம் கேட்டேன். ஒன்றுகூட வரவில்லை என்றார். அப்பாடா என்றிருந்தது. பெரிதாக ஒன்றும் குறையவில்லை போலிருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டு இரண்டு மைல் ஓட்டியிருப்பேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. புகார் சொல்ல வேண்டுமானால் போன் போட்டுத்தான் சொல்ல வேண்டும். பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பத்தான் புரிஞ்சுச்சாண்ணே?” என்றார்.

எப்படியாவது அந்த ஊருக்கும் கொஞ்சம் திருப்பிவிடுங்கள் என்று கெஞ்சினேன். திருப்பலாமே, அப்படியென்றால் மாவடிக்களத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நான் சரி என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே செய்திருப்பார். நான் கியரை மாற்றினேன். அவர் மறுபடி லேப்டாப்பைப் பார்க்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் அந்த ஊரின் பெயரை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை.

அந்த வருசக் கடைசியில் அவருக்குப் பதவி உயர்வு வந்து பெங்களூர் போனார். கடைசி நாள் போன்களை எல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்தபின், ஏசி வாய் நான்கையும் என் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினார். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரி, குளிரவைக்க அங்கே போன் இல்லை, அதனால் திருப்பியிருப்பாள் என்றாள். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

போன வருசம் அக்கா வீட்டில் கிடாவெட்டு. மச்சான் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. கிடா வாங்கித் தருவது தாய்மாமன் வீட்டு முறை என்று அய்யலூர் சந்தைக்குப் போனேன். நாலாவது வரிசையில் ஒரு கை வந்து என் தோளைத் தொட்டது. பெருமாள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோசம். சிக்னல் அளக்க வந்த அண்ணன்தானே என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் காட்டினார். ஏழெட்டு ஆடு வைத்திருந்தார், எல்லாவற்றையும் விற்க வந்திருக்கிறார். ஏன் மொத்தமாக விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

பார்க்க ஆள் இல்லை என்றார். இரண்டு மாதத்துக்கு முன்னால் விடியக்காலையில் சோளத்தட்டை அறுக்கப் போன இடத்தில் அவர் மனைவியை விரியன் கடித்துவிட்டது. வழக்கம்போலத் தூணில் இருந்த போனை எடுத்திருக்கிறார். தூணில் சிக்னல் போய் வருசக்கணக்காகிறது, பதற்றத்தில் அது மறந்துபோய் அங்கேயே நின்று நம்பரை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம் சிக்னல் கிடைக்கிற பாறை உச்சிக்கு ஓடியிருக்கிறார். ஏறி, பேசி, இறங்கி, கட்டிலில் வைத்துத் தூக்கி, ஓடையைத் தாண்டி. ஆஸ்பத்திரியில் டாக்டர், செத்த நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்னாராம்.

“நீங்க வந்துட்டுப் போனப்பறம்தாண்ணே இருந்ததும் போச்சு. ஏதோ கோளாறு போலருக்கு. யார்ட்டச் சொல்றதுன்னு தெரியல. அந்த மேடத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்றீங்களா? மத்த வீட்டுலயும் பிள்ளகுட்டி இருக்குல்ல,” என்றார்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. சந்தைக்குள் ஆட்டுச் சத்தமும் ஆள் சத்தமுமாக இருந்தது, ஆனால் சிக்னல் முழுசாக இருந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார்.

“வெள்ளப்பாறைல முப்பத்தோரு வீடுண்ணே. உங்க அக்கா ஊருல பதினொண்ணு. நான் எண்ணுனப்ப நீங்களும் கூடத்தான இருந்தீங்க?” என்றார்.

பெருமாள் நிற்காத பக்கத்துக் காதுக்குப் போனை மாற்றினேன்.

“நானா முடிவு பண்ணிருந்தா வெள்ளப்பாறைக்குத்தாண்ணே குடுத்திருப்பேன். அங்கதான வீடு கூட.”

குரலில் குத்தல் இல்லை. பழைய கணக்கைத் திருப்பிப் பார்த்துச் சொல்கிற குரல்தான். அப்புறம் மச்சான் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நல்லா இருக்கார் மேடம் என்றேன். சந்தோசம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒரு சொல் விடாமல் அத்தனையும் தெளிவாகக் கேட்டது.

பெருமாள் என் முழங்கையைத் தொட்டார். “மேடம் என்னண்ணே சொன்னாங்க?”

“ஆள் அனுப்பிப் பாக்குறேன்னாங்க,” என்றேன்.

அவர் என் போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கிடா வேண்டும் என்பதை எப்படிக் கண்டுகொண்டாரோ தெரியவில்லை, கூட்டத்தில் இருந்ததிலேயே பெரியதை இழுத்துவந்து அதன் கயிற்றை என் கையில் வைத்தார். அவர் மனைவி தன் கையால் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடாவாம். யாரோ எவரோ கொண்டுபோய் வெட்ட மனசு கேட்கவில்லையாம்.

“நம்ம ஊருக்கு நல்லது பண்ண வந்தவுக வீட்டுக்குப் போகட்டும்ண்ணே,” என்றார். நான் வாங்கிக்கொண்டு மாவடிக்களத்துக்குப் போனேன்.